லூராவின் கோடு

காலை நாலரைக்கு எழுகிறேன். அடுப்பை மூட்டி காபி வைக்கிறேன். முந்தைய நாள் சோளரொட்டி மிச்சம் இருந்தால் மோரில் உதிர்த்துப் போட்டுச் சாப்பிடுகிறேன். ஐந்து மணிக்கு வானொலி நிலையத்தின் பின்கதவைத் திறக்கிறேன். ஒலிபரப்புக் கருவியின் வால்வுகள் சூடேற இருபது நிமிடம் ஆகும். அதற்குள் ஸ்டூடியோவுக்குள் போய், சட்டைப் பையிலிருந்து சாக்பீஸை எடுத்து, மைக்குக்கு முன்னால் தரையில் இரண்டு கோடுகள் போடுகிறேன். முதல் கோடு வெர்னாவுக்கு, அடுத்தது லூராவுக்கு. துப்புரவு செய்பவர் மாலையில் தரையைத் துடைத்துவிட்டுப் போவதால், தினமும் புதிதாகத்தான் போட வேண்டும்.

அவர்கள் பாடிய ஆறேகால் நேரத்தில் அங்கே இப்போது ஒரு பெரியவர் சந்தை விலை வாசிக்கிறார். அவர் நாற்காலியில் உட்கார்ந்து வாசிப்பவர். கோடு தேவையில்லை. எதற்கு இது என்று அவர் ஒருநாள் கேட்டார். பழக்கம் என்றேன்.

திருமதி லேண்டிஸ், இந்த வருடத்து நிலைய ஆல்பத்துக்கு பிளெவின்ஸ் சகோதரிகளைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொல்லியிருந்தீர்கள். பாட்டைக் கேட்டவர்கள் மறப்பதற்குள் ஒரு படமும் நாலு நல்ல வார்த்தையும் அச்சில் இருக்கட்டும் என்றீர்கள். படத்தின் கீழே போட லூரா கடைசியாகச் சொன்ன வாக்கியத்தையும் சரிபார்க்கச் சொன்னீர்கள். கூடவே, வெர்னா தன் சொந்த ஊரான ஆட்டர் கிரீக்கிலிருந்து உங்களுக்கு எழுதிய கடிதத்தையும் வைத்திருந்தீர்கள். அதில் ஒரு வரியின் கீழே பென்சிலால் கோடு இழுத்து, இதைப் போடலாமா என்று கேட்டிருந்தீர்கள். அந்த வரி: "அவளை டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனது நான். அதையும் எழுதுங்கள்."

அதைப் போட வேண்டாம். ஏன் என்று சொல்கிறேன்.

நான் லூராவை மணந்தது 1935 அக்டோபரில். நிலையத்தில் கல்லூரி படித்த ஒரே ஆள் நான்தான். அதனால் வெர்னா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே கிடையாது. "என்ன காலேஜு, இன்னிக்கு எங்க நிக்கணும்னு உத்தரவு?" என்று கேட்டுக்கொண்டே கிடாரைத் தூக்கிக்கொண்டு உள்ளே வருவாள். மெட்டை வெர்னா பாடுவாள். அதற்கு மேலே, ஒரு கூரை போட்டதுபோல, லூரா பாடுவாள். இருவரும் ஒரே மைக். யார் எங்கே நிற்க வேண்டும் என்பதைக் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் பொறியாளன் நான்தான் முடிவு செய்ய வேண்டும். பாடுகிறவர்களுக்கு வெளியே போகிற சத்தம் கேட்காது. தன் குரல் மலைக்கு அந்தப் பக்கம் எப்படிப் போய்ச் சேருகிறது என்று லூராவுக்குத் தெரிய ஒரே வழி என்னைக் கேட்பதுதான். ஒவ்வொரு நாளும் நிகழ்ச்சி முடிந்ததும் கண்ணாடி வழியாக என் முகத்தைப் பார்ப்பாள். நான் தலையாட்டினால் சிரிப்பாள்.

பிப்ரவரியில் புதிய மைக் வந்தது. அதைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்காது. உள்ளே மெல்லிய உலோக நாடா இருக்கும். முன்னால் நின்றாலும் பின்னால் நின்றாலும் கேட்கும். பக்கவாட்டில் அது செவிடு. நேர் பக்கத்தில் நின்று கத்தினாலும் பக்கத்து அறையில் யாரோ முனகுவது போலத்தான் பதியும். கூட வந்த தாளில் அதை விளக்கும் படம் இருந்தது. அதைப் படித்தது நான் மட்டும்தான்.

மார்ச் மாதம் சிகாகோவிலிருந்து கடிதம் வந்தது. பெரிய நிலையம். இலையுதிர் காலத்திலிருந்து ஒரு வருடம், இருவரும் சேர்ந்து பாட அழைத்திருந்தார்கள். அங்கே பொறியாளர்கள் ஏற்கெனவே இருந்தார்கள். என்னைப் பற்றி அதில் எதுவும் இல்லை, இருக்கவும் காரணமில்லை. லூரா கடிதத்தைச் சமையலறை மேஜையில் வைத்து இரண்டு தடவை படித்தாள். "ஒரு வருஷம்தானே லோவெல். நீ கிறிஸ்துமஸுக்கு வா, நான் ஈஸ்டருக்கு வர்றேன்" என்றாள். நான் சரி என்றேன். நான் கோபப்படுகிற ஆள் இல்லை. அது உங்களுக்கே தெரியும்.

அடுத்த திங்கட்கிழமை அவளுடைய சாக்பீஸ் கோட்டை இரண்டு விரல் அகலம் தள்ளிப் போட்டேன்.

பின்னால் தள்ளவில்லை. பின்னால் தள்ளியிருந்தால் யாராவது கவனித்திருப்பார்கள். மைக்கிலிருந்து அதே இரண்டடி தூரம். வட்டமாக, பக்கவாட்டை நோக்கி. வாரத்துக்கு இரண்டு விரல். அவளுக்கு அது பிடித்திருந்தது. ஆட்டர் கிரீக் சர்ச்சில் வாத்தியம் கிடையாது. பாடுகிறவர்கள் நாலு பக்கமும் பெஞ்சு போட்டு ஒருவரையொருவர் பார்த்து உட்கார்ந்துதான் பாடுவார்கள். சகோதரிகள் பாடக் கற்றது அப்படித்தான். ஏப்ரல் கடைசியில் ஒருநாள் லூரா ஸ்டூடியோவிலிருந்து வெளியே வந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்போ எங்க சர்ச்சுல நிக்கிற மாதிரியே இருக்கு. அக்கா வாயைப் பாத்துப் பாட முடியுது. உனக்கு எப்படித்தான் தோணுச்சோ" என்றாள். ரொம்ப நாளாக அவள் என்னிடம் அவ்வளவு அன்பாகப் பேசியிருக்கவில்லை.

என் திட்டம் எளிமையானது. அவள் குரல் கொஞ்சம் தளர்ந்திருக்கிறது என்று சிகாகோவுக்குத் தெரிந்தால் அவர்கள் பின்வாங்குவார்கள். அவள் ஒரு வாரம் அழுவாள். பிறகு கோட்டைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்துவிடுவேன். குரல் திரும்பிவிடும். யாருக்கும் எந்த நஷ்டமும் இல்லை. இப்போது யோசித்தாலும் அதில் ஓட்டை எதுவும் எனக்குத் தெரியவில்லை.

நேயர்களின் கடிதங்கள் மே மாதம் வரத் தொடங்கின. உறைகளைப் பிரித்து எடுத்து வந்து கொடுத்தது நீங்கள்தான். அதனால் நான் ஒரு கடிதத்தைக்கூடப் போலியாக எழுதவில்லை என்பதற்கு நீங்களே சாட்சி. இரண்டாவது பெண்ணுக்கு உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஜூன் வந்ததும் கேட்பதை நிறுத்திவிட்டு மருந்து அனுப்பத் தொடங்கினார்கள். தேனும் வினிகரும். சுட்ட வெங்காயச் சாறு. கழுத்தில் தடவ வாத்துக் கொழுப்பு, அதன்மேல் சுற்ற ஃபிளானல் துணி. பத்து வருடமாகப் படுக்கையிலேயே இருக்கும் ஒரு பெண்மணி, தனக்காக ஜெபிப்பதை நிறுத்திவிட்டு லூராவுக்காக ஜெபிப்பதாக எழுதியிருந்தார். ஒரு விவசாயி தன் வேட்டைநாயின் இருமலுக்குக் கொடுத்த கஷாயத்தையே புட்டியில் அடைத்து அனுப்பியிருந்தார். நாய் இப்போது நலம் என்றும் எழுதியிருந்தார்.

"அந்த நாய்க்கு மேல்குரல் வருதான்னு கேட்டு எழுதணும்" என்றாள் லூரா. வெர்னா தரையில் உட்கார்ந்து சிரித்தாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

ஆனால் லூரா எல்லாவற்றையும் செய்தாள். அனுப்பியவர்கள் வருத்தப்படக்கூடாது என்பாள். ஜூன் மாத வெயிலில் கழுத்தில் ஃபிளானல் சுற்றிக்கொண்டு, கொழுப்பு வாடையோடு நிலையத்துக்கு வந்தாள். நாய்க் கஷாயத்தைக்கூட ஒரு கரண்டி குடித்தாள் என்று நினைக்கிறேன். வீட்டில் பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். குரலை மிச்சம் பிடிக்க வேண்டுமாம். சாப்பாட்டு மேஜையில் உப்பு வேண்டுமென்றால் விரலால் காட்டுவாள். வீடு அமைதியாக இருந்தது.

வெர்னாதான் நம்பவில்லை. "பக்கத்துல நிக்கிற எனக்கு நல்லாத்தானே கேக்குது? உன் பொட்டிதான் கெட்டுப்போச்சு, காலேஜு" என்றாள். காது கேட்பது வேறு, மைக் கேட்பது வேறு என்று விளக்கினேன். அது உண்மைதான். அவள் சமாதானம் ஆகவில்லை. வரும் வியாழக்கிழமை தான் பாட வரப்போவதில்லை என்றும், அம்மா வீட்டு பேட்டரி ரேடியோவில் உட்கார்ந்து கேட்கப் போவதாகவும், லூரா தனியாகப் பாடட்டும் என்றும் சொன்னாள். நாற்பது மைல். புதன்கிழமையே பஸ் ஏறிவிட்டாள்.

வியாழன் காலை சாக்பீஸைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். இதை நான் மறைக்க விரும்பவில்லை. லூரா தனியாகப் பாடுகிறாள், மைக்குக்கு நேர் முன்னால் நிறுத்துவதுதான் இயல்பு. அவளே கேட்டாள், நான் அக்கா இடத்துல நிக்கட்டுமா என்று. சோதனை என்றால் மற்ற எதையும் மாற்றக்கூடாது, உன் கோட்டிலேயே நில் என்றேன். கல்லூரியில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அவள் தலையாட்டிவிட்டுப் போய் நின்றாள். எதிரே அக்கா இல்லாத வெறும் இடத்தைப் பார்த்துக்கொண்டு மூன்று பாட்டுப் பாடினாள். மூன்றாவது பாட்டு, அவர்கள் அம்மாவுக்குப் பிடித்த பழைய சர்ச் பாட்டு. கண்ணாடிக்கு இந்தப் பக்கம் என் ஒலிபெருக்கியில் கேட்டது ஒரு நூல் அளவுதான். அதனால் நான் எழுந்து ஸ்டூடியோ கதவை ஒரு விரல் அளவு திறந்து வைத்துக்கொண்டு கேட்டேன். அன்றைக்கு அவள் பாடியது போல எப்போதும் பாடியதில்லை. அதை முழுதாகக் கேட்டது உலகத்தில் நான் ஒருவன்தான்.

வெர்னா மறுநாள் திரும்பி வந்தாள். என்னைக் கேலி செய்யவில்லை. கிடாரை மூலையில் சாய்த்து வைத்தாள். அம்மா ரேடியோவில் காதை ஒட்டவைத்துக்கொண்டு கேட்டாளாம், கடைசிப் பாட்டில் எழுந்து கோழிகளுக்குத் தீனி போடப் போய்விட்டாளாம். "லோவெல், அவ குரல் போகுது" என்றாள் வெர்னா. அவள் என் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை.

நான் சிகாகோவுக்கு எழுதினேன். உண்மையாக, அளவோடு எழுதினேன். குரல் சிறிது காலமாகக் குறைந்து வருவதாகவும், நேயர்களின் கடிதங்களில் சிலவற்றை இணைத்திருப்பதாகவும் சொன்னேன். அவர்கள் பின்வாங்குவார்கள் என்று எதிர்பார்த்தேன். அவர்கள் நல்லவர்களாக இருந்தார்கள். குணமாகும் வரை காத்திருக்கிறோம், ஜனவரியில் வந்தாலும் போதும், நல்ல டாக்டரிடம் காட்டுங்கள் என்று பதில் வந்தது. அது எனக்கு வந்த கடிதம். ஆனால் உறையில் சகோதரிகளின் பெயரும் இருந்ததால் வெர்னா பிரித்துவிட்டாள்.

டாக்டர் யோசனை வெர்னாவுடையது. நான் அதைச் சொல்லவே இல்லை. மாவட்டத் தலைநகரில் தொண்டை பார்ப்பவர் ஒருவர் இருக்கிறார் என்று விசாரித்ததும், சனிக்கிழமை நேரம் வாங்கியதும், காரை இரவல் வாங்கியதும் அவள்தான். இரண்டு வருடமாக அவள் தூங்காமல் இருப்பது அதற்காகத்தான். அடக்கம் முடிந்த அன்று கல்லறைத் தோட்டத்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நான்தான் கூட்டிட்டுப் போனேன்" என்றாள். அவள் சொன்னது உண்மைதானே என்று அப்போது எனக்குத் தோன்றியது.

டாக்டர் வீட்டின் கீழ்த்தளத்திலேயே மருத்துவம் பார்த்தார். கண்ணாடியை நெற்றியில் கட்டிக்கொண்டு லூராவின் தொண்டைக்குள் நெடுநேரம் பார்த்தார். குரல் நாண்கள் நன்றாக இருக்கின்றன என்றார். உள்நாக்குக்குப் பக்கத்துச் சதை கொஞ்சம் பெரிதாக இருக்கிறது, ஆனால் ஊரில் பாதிப் பேருக்கு அப்படித்தான் இருக்கும், வெட்டி எடுக்கலாம், எடுக்காமலும் விடலாம் என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். லூராவும் என்னைத்தான் பார்த்தாள், கண்ணாடி வழியாகப் பார்ப்பது போல.

"ரேடியோக்காரர் நீங்கதானே? தினம் கேக்கிறவர் நீங்க. நெஜமாவே குரல் குறையுதா?"

அங்கே ஒரு கடிகாரம் இருந்தது. ஜன்னலுக்கு வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். நான் எத்தனையோ விஷயங்களைச் சொல்லியிருக்கலாம். இல்லை என்ற ஒரு சொல்லே போதும். சொல்லியிருந்தால் வெர்னா காரணம் கேட்டிருப்பாள். லூரா யோசித்திருப்பாள். வீட்டுக்குத் திரும்பும் வழியில் கோட்டைப் பற்றி யோசித்திருப்பாள். ஜனவரியில் போயிருப்பாள், ஈஸ்டருக்கு வந்திருக்க மாட்டாள்.

"ஆமா. வாரா வாரம் குறைஞ்சுக்கிட்டுதான் வருது" என்றேன்.

திருமதி லேண்டிஸ், இது எல்லாவற்றிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான் என்று நெடுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு யோசித்தால் அதுவும் பொய் இல்லை. குறைந்துகொண்டுதான் வந்தது. அளவு தவறாமல் குறைந்துகொண்டு வந்தது.

அடுத்த சனிக்கிழமை, ஜூலை பதினெட்டு, காலை ஒன்பது மணிக்கு அறுவை சிகிச்சை. பயப்படுகிறாள் என்பதால் மயக்கம் வரும் வரை என்னைப் பக்கத்தில் நிற்க விட்டார்கள். வெர்னா முன்னறையில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மயக்க மருந்து ஒன்பதே காலுக்குத் தொடங்கியது. லூராவின் இதயம் நின்றது பத்து மணிக்கு முன்னால். சிலருக்கு அந்த மருந்து ஒத்துக்கொள்ளாது, முன்கூட்டியே அறிய வழியில்லை என்றார் டாக்டர். அவர் மேல் எந்தத் தப்பும் இல்லை. நன்றாக இருந்த தொண்டையை அவர் முன்னால் கொண்டுபோய் வைத்தது நான்.

அடக்கத்துக்குப் பிறகு வீட்டுக்கு வந்து சமையலறையைப் பெருக்கினேன். அடுப்புக்குப் பக்கத்தில், விரிப்புத் துணிக்கு அடியில், தரையில் ஒரு சாக்பீஸ் கோடு இருந்தது. சுவரில் வாய் உயரத்துக்கு ஒரு ஆணி அடித்து, அதில் பேக்கிங் பவுடர் டப்பாவின் மூடியைத் தொங்கவிட்டிருந்தாள் லூரா. அது மைக். நான் வேலைக்குப் போன பிற்பகல்களில் அங்கே நின்று பழகியிருக்கிறாள், பேச்சை மிச்சம் பிடித்த அதே நாட்களில். ஆணிக்கும் கோட்டுக்கும் நடுவே அளந்து பார்த்தேன். இரண்டடி. கோணமும் சரி. ஜூலை இரண்டாவது வாரத்துக் கோடு. கண் அளவிலேயே போட்டிருக்கிறாள், அரை அங்குலம்கூடத் தப்பவில்லை. அந்த இடத்தை மட்டும் விட்டுவிட்டு இன்றுவரை தரையைத் துடைத்து வருகிறேன்.

நிகழ்ச்சிக்குப் பணம் கொடுத்த மாவுக் கம்பெனியோடு ஒப்பந்தம் பேசிய காலம் முடியும் வரை வெர்னா தனியாகப் பாடினாள். ஏழு வாரம். பிறகு கிடாரை இங்கேயே விட்டுவிட்டு ஆட்டர் கிரீக்குக்குப் போனாள். அந்த ஏழு வாரத்தில் மூன்று கடிதங்கள் வந்தன, ஞாபகம் இருக்கும். மூன்றும் வெவ்வேறு மாவட்டங்களிலிருந்து. இறந்த செய்தி அவர்களை எட்டவில்லை. இரண்டாவது பெண் தேறிவிட்டாள், கடவுளுக்கு நன்றி, இப்போது நன்றாகக் கேட்கிறது என்று எழுதியிருந்தார்கள். நீங்கள் அவற்றை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள். இத்தனை வருடப் பழக்கத்தில் காது தானாகவே அந்தக் குரலை நிரப்பிக்கொள்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அறிவியல்படி அது சரியான விளக்கம். ஆனால் அந்த ஏழு வாரமும் லூராவின் கோட்டை நான் பழைய இடத்தில், மைக்குக்கு முன்னால், போட்டு வைத்திருந்தேன். அது அவர்களுக்கு எப்படித் தெரியும் என்பதற்குத்தான் என்னிடம் விளக்கம் இல்லை.

இப்போதும் அங்கேதான் போடுகிறேன். அவள் திரும்ப வந்தால் நிற்கச் சரியான இடம் அதுதான். நான் அப்படி ஒன்றும் கெட்டவனில்லை என்று அந்தக் கோடு காட்டுவதாக நினைத்துக்கொள்கிறேன்.

இந்தத் தாள்களை வெர்னாவுக்கு அனுப்புங்கள். பிறகு யாரிடம் கொடுக்க வேண்டுமோ அவர்களிடம் கொடுங்கள். நான் எங்கும் போகவில்லை. காலை ஐந்து மணிக்கு நிலையத்தில் இருப்பேன்.

மிச்சம் இருப்பது படத்தின் கீழே போட வேண்டிய வாக்கியம். "அக்காவைப் பாத்துக்கோ, அவ பாட்டை நிறுத்த விடாதே" என்று அவள் கடைசியாகச் சொன்னதாக நான் எல்லோரிடமும் சொன்னேன். பாதிரியார் அதைப் பிரசங்கத்தில் சொன்னார். நிகழ்ச்சியில் வாசித்தார்கள். ஆட்டர் கிரீக்கில் கல்லில் செதுக்கியும் வைத்திருக்கிறார்கள். அவள் அப்படி எதுவும் சொல்லவில்லை.

முகத்தில் துணியை வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். எண்ணிக்கொண்டே இருக்கச் சொன்னார் டாக்டர். பதினொன்று வரை எண்ணினாள். பிறகு நிறுத்தினாள். கால்கள் படுக்கையில் லேசாக நகர்ந்தன, இடம் தேடுவது போல. கையால் துணியை விலக்கிவிட்டுக் கண்ணைத் திறந்தாள். என்னைத்தான் பார்த்தாள். நான் தலையாட்டினேன், தினமும் ஆட்டுவது போல. ஏன் ஆட்டினேன் என்றால், அவள் கேட்டது இது:

"லோவெல், நான் கோட்டு மேலதானே நிக்கிறேன்?"